‘கைண்டர் அண்ட் கேரிங்’ என்று எழுதலாமா?

கயல்: பணி ஓய்வு பெறும் செவிலியர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் பாராட்டு மடல் எழுதுகிறேன். இரவுப் பணியில் குழந்தைகளைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்பவர் அவர். ‘எங்களைவிட அன்பும் அக்கறையும் மிகுந்தவர்’ என்பதற்கு ‘மோர் கைண்டர் அண்ட் கேரிங் தேன் அஸ்’ என்று எழுதினேன். தோழி அதை அடித்துவிட்டார். எது சரி?

கரும்பலகை: தோழி அடித்தது சரி. ‘கைண்டர்’ என்பதிலேயே ஒப்பீடு இருக்கிறது. முன்னால் இன்னொரு ‘மோர்’ எதற்கு? அதை நீக்கினாலும் வேலை முடியவில்லை. ‘கைண்டர் அண்ட் கேரிங்’ என்றால் ஒப்பீடு முதல் சொல்லோடு நின்றுவிடும், ‘கேரிங்’ அந்தரத்தில் தொங்கும். ‘கேரிங்’ என்ற சொல்லோடு ‘எர்’ ஒட்டாது, ‘மோர்’தான் வரும். ஆகவே ‘கைண்டர் அண்ட் மோர் கேரிங்’.

நாடோடி: இரட்டை ஒப்பீட்டை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், புரூட்டஸ் குத்திய இடத்தைக் காட்டி ஆண்டனி ‘தி மோஸ்ட் அன்கைண்டஸ்ட் கட் ஆஃப் ஆல்’ என்கிறான். அந்த ‘மோஸ்ட்’டை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், துயரம் பாதியாகிவிடும்.

கரும்பலகை: உண்மைதான் ஐயா, ஆனால் அது அந்தக் காலத்து வழக்கு. ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலிலேயே அதைத் தகாது என்றார். பைபிளின் சங்கீதங்களில் கடவுளைக் குறிக்கும் ‘மோஸ்ட் ஹையஸ்ட்’டுக்கு மட்டும் இடம் கொடுத்தார். இன்று மடலைப் படிப்பவர்கள் அதைப் பிழையென்றே எடுத்துக்கொள்வார்கள். ஒருவரை மனமாரப் பாராட்டும் தாளில் பிழை நிற்கக் கூடாது.

நாடோடி: சரி, ‘மோர் கைண்டர்’ போகட்டும். ‘மோர் கைண்ட் அண்ட் கேரிங்’ என்பதும் தவறா? கயல் எழுதிய தமிழ் வரியில் ‘மிகுந்தவர்’ என்ற ஒரே சொல் அன்பையும் அக்கறையையும் சேர்த்துச் சுமக்கிறதே. அதுபோல் அங்கே ஒரே ‘மோர்’ இரண்டையும் தாங்காதா?

கரும்பலகை: தாங்கும், தவறென்று சொல்ல மாட்டேன். ஒரே ஆளின் இரு குணங்களை நிறுத்துப் பார்க்கும்போது ‘மோர் கைண்ட் தேன் கிளெவர்’ என்றுதான் எழுத வேண்டும். அங்கே ‘கைண்டர்’ பொருந்தாது. ஆனால் இருவரை ஒப்பிடும்போது ‘கைண்டர்’தான் பெருவழக்கு. ‘மோர்’ இரண்டு சொற்களுக்கும் சேர்த்தா, முதல் சொல்லுக்கு மட்டுமா என்று படிப்பவர் தடுமாறவும் வேண்டியதில்லை.

நாடோடி: அந்தத் தடுமாற்றம் நேரலாம், ஒப்புக்கொள்கிறேன். ஷேக்ஸ்பியரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கயல்: இருவருக்கும் நன்றி. ‘கைண்டர் அண்ட் மோர் கேரிங்’ என்றே எழுதிவிட்டேன். அடுத்த வரியில் அந்த உள்ளங்கைச் செய்தியையும் சேர்த்திருக்கிறேன்.