48 மணி நேரப் போட்டியில் உங்கள் உடம்பு எங்கே கைவிட்டது?

நவம்பர் கடைசியில் வரும் சிக்யூ வேர்ல்ட் வைட் மோர்ஸ் போட்டி. அமெச்சூர் வானொலிக்காரர்கள் முடிந்தவரை பல நிலையங்களோடு தொடர்புகொள்ளும் போட்டி அது. ஒற்றை ஆளாக 48 மணி நேரமும் உட்காருவது என்று முடிவு. முதல் இரவு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் இரவு, மோர்ஸ் அனுப்பும் பேடிலில் விரல் அழுந்தியபடியே தூங்கிவிட்டேன். புள்ளிகள் சரம் சரமாகக் காற்றில் போயிருக்கின்றன. கை நழுவி விழித்தபோது, யாரோ பொறுமையாகக் கேள்விக்குறி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் தொடர்புகளைப் பதியும் லாக்கைப் பார்த்தால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஒரே நிலையத்தை மூன்று முறை பதிந்திருக்கிறேன். முழித்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைப்பு!

இப்போதெல்லாம் தூக்கத்தையும் திட்டத்திலேயே எழுதிவிடுகிறேன். 10, 15 மீட்டர் அலைவரிசைகளில் சிக்னல் நின்றுபோய், 40 மீட்டரிலும் கூப்பிட்டால் ஆள் வராத நேரம் ஒன்று வரும். அப்போது படுத்துவிடுவேன். ஒன்றரை மணி நேரம். அலாரம் இரண்டு, அதில் ஒன்று கைக்கு எட்டாத இடத்தில். டபிள்யூபிஎக்ஸ் என்ற இன்னொரு போட்டியில் ஒற்றை ஆளுக்கு 48-ல் 36 மணி நேரம்தான் அனுமதி, ஒவ்வோர் ஓய்வும் குறைந்தது 60 நிமிடம். அந்த விதியை எழுதியவரும் பேடிலோடு தூங்கியிருப்பார் போல.

மறுமொழி:
நான் மோர்ஸ் இல்லை, மைக்கில் பேசும் குரல் போட்டிக்காரி. முதல் வருடம் சனிக்கிழமை இரவே தொண்டை போய்விட்டது. ஞாயிறு முழுக்கக் கிசுகிசுத்தேன். காரணம் புரிய அடுத்த போட்டி வரை ஆனது. இரண்டு காதும் மூடிய ஹெட்போனில் நம் குரல் நமக்கே கேட்பதில்லை, அதனால் தன்னை அறியாமல் கத்துகிறோம். ரிக்கில் (வானொலிக் கருவியில்) மானிட்டரை ஆன் செய்து என் குரலைக் காதுக்குள் விட்டேன், கத்தல் தானாக அடங்கியது. 'சிக்யூ கான்டெஸ்ட்' கூப்பிடுவதை, பதிந்த குரலை ஒலிக்கும் வாய்ஸ் கீயர் பார்த்துக்கொள்கிறது. அது பேசும் சில நொடிகளில் எழுந்து நின்று ஒரு மடக்குத் தண்ணீர். காபி சாயங்காலத்தோடு சரி. தூங்கக் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தையும் அது தின்றுவிடும்.

மறுமொழி:
தொண்டையை விடுங்கள், காது! 80 மீட்டர் இடிச் சத்தத்தில் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். இரண்டு நாள் காதில் ரீங்காரம். ஒலியைத் தானாகச் சமன்செய்யும் ஏஜிசி பார்த்துக்கொள்ளும் என்று விட்டதுதான் தப்பு. ஆர்எஃப் கெயினை, அதாவது ரிசீவரின் உணர்திறனைக் குறைத்தால் இரைச்சல் தாழ்ந்து சிக்னல் மட்டும் மேலே நிற்கிறது, ஒலியளவையும் இறக்கிவிடலாம்.

மறுமொழி:
பதிவிட்டவன்தான் மறுபடியும். ஓஎம் (நண்பரே), ஆர்எஃப் கெயின் எனக்கும் கைகொடுத்தது. கழுத்துவலியைச் சொல்ல மறந்துவிட்டேன். ரிக்கை நடுவில் வைத்து, கணினியைப் பக்கவாட்டில் வைத்திருந்தேன். போட்டியில் முக்கால்வாசி நேரம் பார்ப்பது லாக் திரையைத்தானே? இடம் மாற்றினேன், வலி போனது. கால் வீக்கத்துக்கு, மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு கேள்வி. ரிக்கை அணைத்த பிறகும் மின்விசிறிச் சத்தத்தில் மோர்ஸ் கேட்கிறதா உங்களுக்கு? எனக்குத் திங்கள் மதியம் வரை கேட்டது. ஓர் அழைப்புக்குறியை எழுதிக்கொள்ளப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.