விலைப்பட்டியல்களையும் விடாமல் சேர்த்த கிராஃபர்டு பிரபு

கேள்வி:
26-ஆம் கிராஃபர்டு பிரபுவான ஜேம்ஸ் லுடோவிக் லிண்ட்சே, அஞ்சல்தலைகளோடு நில்லாமல், அவற்றைப் பற்றி அச்சான நூல்களையும் இதழ்களையும், வணிகர்களின் விலைப்பட்டியல்களையும்கூட வாங்கிக் குவித்தார் என்று படித்தேன். நூல்களின் அருமை எனக்குப் புரிகிறது. காலாவதியான விலைப்பட்டியலை ஒருவர் ஏன் பாதுகாக்க வேண்டும்?

பதில் 1:
அவர் முதலில் வானியலாளர். ஸ்காட்லாந்தின் டன் எக்ட்டில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர். ‘பிப்ளியோதெக்கா லிண்டெசியானா’ என்ற பெரும் குடும்ப நூலகமும் அவர் கையில் இருந்தது. அந்த மனப்பழக்கத்தோடு வந்ததால், வெளியான அஞ்சல்தலையோடு திருப்தி அடையாமல், ஏற்கப்படாத வடிவங்களையும் மாதிரி அச்சுகளையும் தேடி, ஒரு தலை உருவான வரலாற்றையே தொகுத்தார். விசித்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 2:
விலைப்பட்டியலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டு குறித்த பட்டியல் ஒன்றில் ஒரு தலை இடம்பெற்றிருந்தால், அந்த ஆண்டுக்குள் அது வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. மாறாக, பல பத்தாண்டுகளாக எந்தப் பட்டியலிலும் காணப்படாத ஒரு வகை திடீரென்று முளைத்தால், அது மறுஅச்சோ போலியோ என்று ஐயுற வேண்டும். இந்த ஐயம் புதிதன்று: முதல் அஞ்சல்தலை 1840-இல் வந்தது, போலிகளைக் கண்டறியும் முறை பற்றி லூயிஸும் பெம்பர்ட்டனும் 1863-இலேயே நூல் வெளியிட்டுவிட்டார்கள். புதிய பட்டியல் வந்ததும் பழையதைக் குப்பையில் போடுவது வழக்கம் என்பதால், தலையைவிடப் பட்டியல் அரிதாகிவிடுவதும் உண்டு.

கேட்டவர்:
நன்றி, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஒரே ஆள் இவ்வளவையும் எப்படித் திரட்டினார்?

பதில் 3:
முழுவதும் அவரே திரட்டியதன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஜான் டிஃபனி, அஞ்சல்தலைகளைப் பற்றிய வெளியீடுகளுக்கான நூற்பட்டியலை 1874-இலேயே அச்சிட்டவர். அவர் 1897-இல் மறைந்த பின், அவருடைய நூலகத்தை அப்படியே கிராஃபர்டு வாங்கி அதன்மேல் கட்டினார். இந்த நூலகத்துக்கு எட்வர்டு டென்னி பேக்கன் தொகுத்த அட்டவணை 1911-இல் வெளிவந்தது. 1913-இல் பிரபு இறந்தபோது நூல்கள் அவர் விருப்பப்படி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவருடைய அஞ்சல்தலைகளோ விற்கப்பட்டுப் பல கைகளுக்குப் போய்விட்டன. அஞ்சல்தலைகளைப் பற்றிய ஆரம்பகால நூலோ இதழோ எதையேனும் தேடுகிறீர்கள் என்றால் பேக்கனின் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.