மறு: ராடிகலைசேஷன் – “தீவிரவாதமயமாதல்” வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

ராடிகலைசேஷன் (radicalization), அதாவது ஒருவரோ ஓர் இயக்கமோ கடுங்கருத்துக்கோ வன்முறைக்கோ நகர்வது, பற்றிய விக்கிக் கட்டுரைக்குத் தமிழ்த் தலைப்புத் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. ஒவ்வொரு மடலுக்கும் தனியே பதில் போடாமல் சேர்த்தே எழுதுகிறேன்.

> நாளிதழ்கள் “தீவிரவாதமயமாதல்” என்றுதான் எழுதுகின்றன. புழக்கத்தில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

புழக்கம் பெரிய தகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும் “வாதம்”, “மயம்” இரண்டுமே பொருளைக் கெடுக்கின்றன.

1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் உடைந்தபோது இரு தரப்புக்கும் நம் வரலாற்று நூல்கள் வைத்த பெயர் மிதவாதிகள், தீவிரவாதிகள். திலகர் தீவிரவாதி, வ.உ.சி. தீவிரவாதி, பாரதி தீவிரவாதி. அன்று அது மரியாதைக்குரிய பட்டம். இன்று காவல்துறைச் செய்திக்குறிப்பில் அதே சொல்லைப் பார்த்தால் வெடிகுண்டுதான் நினைவுக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இப்போது “தீவிர தேசியவாதம்” என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் குற்றவாளியா என்று தீர்ப்பு வழங்கும் சொல்லை ஒரு மாற்றத்தை விளக்கும் சொல்லாக வைத்துக்கொண்டால் கட்டுரை முதல் வரியிலேயே தடுமாறும்.

“மயம்” இன்னும் மோசம். நகரமயம், கணினிமயம், தனியார்மயம் எல்லாவற்றிலும் ஒன்று பரவி நிறைகிறது. நாம் பெயர் தேடும் நிகழ்வில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நம் ஊர்க் கதையையே எடுத்துப் பாருங்கள். 1906 அக்டோபரில் பதிவான, வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் பெருந்தொகைக்குப் பங்கு வாங்கியவர். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், வென்றார்கள். கடற்கரைக் கூட்டங்களில் வக்கீலும் வணிகரும் மில் கூலியும் சேர்ந்து நின்றார்கள். மார்ச் 12இல் வ.உ.சி.யும் அவரோடு மேடையில் பேசிவந்த சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடையடைப்பு, தீவைப்பு, துப்பாக்கிச்சூடு, நான்கு பேர் சாவு. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்தது இரட்டை ஆயுள், 40 ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கம்பெனியும் நொடித்துப்போனது. பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

கூட்டம் கூட வழியில்லை, கம்பெனி இல்லை, பத்திரிகை இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசியக் குழு வருகிறது. காளி படத்தின் முன் சத்தியம், குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் ரத்தமாகப் பாவித்துக் குடித்தல், விரலைக் கீறிக் கையொப்பம் என்றெல்லாம் பின்னால் வழக்கில் சாட்சியம் வந்தது. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டியில் மனைவியுடன் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை, அந்தக் குழுவைச் சேர்ந்த வாஞ்சிநாதன் சுட்டார். நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த கடிதம் 3000 பேர் பிரதிக்ஞை எடுத்திருப்பதாகச் சொன்னது. வழக்கில் கூண்டில் நின்றவர்கள் 14 பேர்.

இயக்கம் கடுமை கூடக் கூடச் சுருங்கியிருக்கிறது. ஆள் மட்டுமல்ல, “நாம்” என்பதன் எல்லையும் சுருங்கியது. சிவாவின் மேடைப்பேச்சிலும் சமயம் இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மேடை எல்லாரையும் கூப்பிட்ட மேடை. வாஞ்சியின் கடிதம் பேசுவது மிலேச்சரை, சனாதன தர்மத்தை, கோமாமிசம் தின்பவனை. பக்கீர் சேட் பங்கு வாங்கிய இயக்கம் சில ஆண்டுகளிலேயே அவருக்கு இடமில்லாத மொழியைப் பேசுகிறது. இதற்கு “மயமாதல்” என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> மூளைச்சலவை என்று சொன்னால் பாமரருக்கும் புரியுமே?

புரியும். பாதிதான் புரியும். மூளைச்சலவை என்றாலே சலவை செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும், செய்யப்பட்டவன் அப்பாவி. நீலகண்டர் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார் என்பது மெய். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பழக்கினார் என்றும் சொல்வார்கள். ஆனால் இவர்கள் வருவதற்கு முன்பே 40 ஆண்டுத் தீர்ப்பும் நான்கு பிணங்களும் அந்த இளைஞர்களிடம் பேசிவிட்டன. அரசை எந்தச் சலவைக் கணக்கில் எழுதுவது?

ஆங்கிலச் சொல்லில் தானாக ஆனதா, ஒருவர் ஆக்கியதா என்பது தெரியாது. தமிழில் தன்வினையா பிறவினையா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இதைச் சிக்கலாகப் பார்க்காமல் வசதியாக எடுத்துக்கொள்ளலாம். துன்புறு – துன்புறுத்து என்ற வாய்பாடு கையில் இருக்கிறது.

> இலங்கையில் கடும்போக்கு, கடும்போக்காளர் என்ற சொற்கள் நாளாந்தம் பத்திரிகையில் வருகின்றன. நீங்கள் அங்கே ஏன் எடுப்பதில்லை?

அண்ணை, இந்தக் கேள்வியால்தான் இந்த மடலே எழுத உட்கார்ந்தேன். நல்ல சொல். “போக்கு” என்பதிலேயே திசையும் நகர்வும் இருக்கின்றன. “மென்போக்கு” என்ற எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது. கடும்போக்கு பௌத்த அமைப்புகள் என்று உங்கள் பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்தால் சமயத்துக்கும் அரசியலுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. வ.உ.சி.யைக் கடும்போக்காளர் என்றால் தூத்துக்குடியில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் வ.உ.சி.யையும் வாஞ்சியையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. முன்னவர் கருத்தில் கடுமையானவர். கப்பல் விட்டார், சங்கம் கட்டினார், வழக்காடினார். பின்னவர் கையில் துப்பாக்கி. கருத்து கடுமையாவதும் கை ஆயுதத்துக்குப் போவதும் இரண்டு வேறு வழிகள் என்று இத்துறை ஆய்வாளர்களே பிரித்துப் பேசுகிறார்கள். ஆகவே என் முன்மொழிவு இது: கருத்துக்குக் கடும்போக்குறுதல், வன்முறைக்குச் செல்வதற்கு வன்போக்குறுதல். செய்தவர் இன்னார் என்று காட்டமுடிகிற இடத்தில் மட்டும் கடும்போக்குறுத்தல், வன்போக்குறுத்தல். “உறுத்தல்” காதில் கொஞ்சம் உறுத்தும்; வலியுறுத்தலைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வார்கள்.

மீள்வதற்கும் இது உதவும். வ.வே.சு. ஐயர் பின்னாளில் காந்தியின் வழியை ஏற்றுத் துப்பாக்கியை விட்டார். அரசியலை விட்டாரா என்றால் இல்லை. ‘தேசபக்தன்’ ஆசிரியராக 1920களின் தொடக்கத்தில் சிறைக்கே போனார். வன்போக்கிலிருந்து மீண்டார், கடும்போக்கில் நின்றார் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நீலகண்டர் கதை வேறு: ஏழாண்டுத் தண்டனை, பிறகு வேறு அரசியல், கடைசியில் நந்தி மலைப் பக்கம் துறவி.

“தீவிரமடைதல் போதாதா” என்று கேட்டவருக்கு: புயலும் தீவிரமடைகிறது, பேருந்து ஊழியர் போராட்டமும் தீவிரமடைகிறது. கோரல் மில் வேலைநிறுத்தம் தீவிரமடைந்தது, ஆனால் கேட்டது கூலியும் விடுமுறையும்தான். வேகம் கூடுவது வேறு, இலக்கும் எல்லையும் மாறுவது வேறு.

சைவ சித்தாந்தத்தில் சத்திநிபாதத்தை (இறையருள் உயிரில் பதிவதை) மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகப் படிப்படுத்தியிருப்பதை ஒருவர் நினைவூட்டினார். படித்ததும் சிரித்துவிட்டேன், அழகான வரிசை. ஆனால் அருள் பதியும் அளவைக் குறிக்க வைத்த சொல்லை மணியாச்சிக்கு இழுத்து வந்தால் சித்தாந்திகள் விடமாட்டார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

ஒரு ஐயம் பாக்கி. “இயக்கத்துக்குப் போனான்” என்று ஈழத்தில் சொல்வது இந்த மாற்றத்தின் எந்தப் படியைக் குறிக்கிறது? வீட்டைவிட்டுப் போன நாளையா, அதற்கு முன் மனம் போன நாளையா? அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் எழுதினால், கடும்போக்குறுதலுக்கும் வன்போக்குறுதலுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு சொல் வேண்டுமா என்று பார்க்கலாம். அதுவரை விக்கிக் கட்டுரையின் தலைப்பை யாரும் நகர்த்த வேண்டாம்; உரையாடல் பக்கத்தில் நான்கு சொற்களையும் இட்டு வைக்கிறேன்.