கிட்டார் பளபளப்பை சாட்டினாக மாற்ற: தேய்த்தால் திட்டுத்திட்டாக வருகிறது, உதவி தேவை

ஆறுகம்பி, காரைக்குடி:
வணக்கம். என்னிடம் ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது, கைமாறி வந்தது. உடம்பு கறுப்பு, கழுத்து மேப்பிள், விரல்பலகை ரோஸ்வுட். உடம்பும் கழுத்தின் பின்புறமும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. நம்ம ஊர் வெயிலில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் போதும், கட்டைவிரல் கழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. மேலிருந்து கீழே கையை இழுத்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. உடம்பு முழுக்க கைரேகை வேறு. இரண்டையும் சாட்டினாக்கலாம், அதாவது மின்னாத மங்கலான மழமழப்பாக்கலாம் என்று நினைக்கிறேன்.

உடம்பின் பின்பக்கம் ஸ்பிரிங் மூடிக்குள் மறைகிற ஓரத்தில் சோதித்தேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வட்டவட்டமாகத் தேய்த்ததில் சில இடம் மங்கியது, ஆனால் நடுநடுவே அரிசி அளவில் பளபளப்புப் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. ட்யூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தால் வட்டக் கீறல்கள் தெரிகின்றன. "மேட் ஸ்பிரே வாங்கி மேலேயே அடித்துவிடுங்கள், எதற்கு வம்பு" என்கிறார்கள் கடையில். அடிக்கலாமா? புள்ளிகள் ஏன் போகவில்லை?

பிக்கப்பித்தன், தேவகோட்டை:
ஸ்பிரே வேண்டாம் தம்பி. பளபளப்பான பரப்பின் மேல் நேராக அடித்தால் பிடிப்பு இருக்காது, நகம் பட்ட இடத்தில் உரிந்து வரும். பிடிப்புக்காக எப்படியும் தேய்க்கத்தான் வேண்டும். தேய்த்த பிறகு சாட்டின் தானாகவே வந்துவிடும், ஸ்பிரேக்கு வேலையே இல்லை. ஐப்பசி மழைக்காலத்தில் லாக்கர் வகை ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் பட்டு வெளுத்துப் போகும் தொல்லை வேறு.

முதலில் பூச்சு எது என்று பாருங்கள். கழுத்தைக் கழற்றினால், அது உட்காரும் குழியில் மறைவான இடம் கிடைக்கும். அங்கே பூச்சு இருக்கிற ஓரமாகப் பார்த்து, அசிட்டோன் கலந்த நகப்பாலிஷ் ரிமூவரை பஞ்சுக்குச்சியால் ஒரு துளி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், சுருக்கமாக நைட்ரோ. ஒன்றும் ஆகவில்லை என்றால் பாலியூரித்தேனோ பாலியெஸ்டரோ. கிப்சன் போன்ற கம்பெனிகள் இன்றும் நைட்ரோ போடுகின்றன, ஆனால் விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் பாலிதான். பாலி கெட்டியாக இருக்கும், தேய்க்கத் தாங்கும். நைட்ரோ மெல்லியது, நாலு தேய்ப்பிலேயே மரம் எட்டிப் பார்த்துவிடும்.

பூச்சு_படிப்பவன்:
புள்ளிகளுக்குக் காரணம் சொல்கிறேன். நான் பூச்சுத் துறையில் இருக்கிறேன்.

பளபளப்பு என்பது பூச்சின் மேல் இருக்கிற தனிப் பொருள் இல்லை, பரப்பு எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்பதுதான். நம்ம ஆத்தங்குடி கல்லைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் கண்ணாடியின் மழமழப்பு அப்படியே கல்லில் இறங்குகிறது, மேலே மெருகு எதுவும் பூசுவதில்லை. மட்டமான பரப்பில் விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பினால் பளபளப்பு. நுண்ணிய கீறல்களில் பட்டுச் சிதறினால் சாட்டின். ஆய்வுக்கூடத்தில் 60 டிகிரி கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு திரும்புகிறது என்று அளப்போம். 70க்கு மேல் வந்தால் உயர் பளபளப்பு, 10க்குக் கீழ் வந்தால் மேட். சாட்டின் இடையில் எங்கோ நிற்கும்.

உங்கள் பூச்சு கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் அதில் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு. ஸ்பிரே துளிகள் சரியாகப் பரவாமல் காய்ந்ததால் ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்திருக்கும், அல்லது உள்ளே மரத்தின் இழை அமுங்கி மேல்பூச்சும் கூடவே இறங்கியிருக்கும். உங்கள் நார் மேடுகளை மட்டும் தொட்டது, பள்ளம் பளபளப்பாகவே நிற்கிறது. விரல் நுனியால் நாரை அழுத்தியதால் அழுத்தமும் சமமாக இருந்திருக்காது. சின்ன ரப்பர் கட்டையில் 800 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி முதலில் மட்டம் செய்யுங்கள். புள்ளி முழுக்க மறைந்தபின் 1000, 1500 என்று ஏறுங்கள். 800 தாளின் துகள் சுமார் 22 மைக்ரான், 1500 தாளில் 12 அல்லது 13 மைக்ரான். அடுத்த தாள் முந்தைய தாளின் கீறலை முழுக்க அழித்தாக வேண்டும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் ஆழக் கீறல் அடியில் தங்கிவிடும், கறுப்பில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ஆறுகம்பி:
அண்ணே, அசிட்டோன் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, பாலிதான். வாட்டர் பேப்பர் என்றால் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதுதானே? கிட்டாரில் தண்ணீர் படலாமா?

தேக்குப்பட்டறை, காரைக்குடி:
இந்த இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும் தம்பி. நாங்கள் பரம்பரையாகப் பாலிஷ் வேலை. செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்குக் கதவுகளுக்கு ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்துப் போட்டே வளர்ந்த கை. கிட்டார் எனக்குப் புதுசு, ஆனால் மரம் மரம்தான். பூச்சு மூடிய இடத்தில் தண்ணீர் நிற்காது, பயமில்லை. திருகு ஓட்டையில்தான் உள்ளே மரம் திறந்திருக்கும். அங்கே சொட்டு இறங்கினால் மரம் ஊதி, ஓட்டையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். அப்புறம் எந்தத் தாளாலும் சரிசெய்ய முடியாது. ஓட்டைகள், கழுத்துக் குழி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழி எல்லாவற்றையும் டேப்பால் நன்றாக மூடு. தாளை ஊறவைத்துப் பிழிந்துவிட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தேய்த்தால் போதும், வாளித் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீரே வேண்டாம் என்றால் டர்பன்டைன் தொட்டுத் தேய்க்கலாம். ஆனால் முகப்பில் காற்றோட்டமாக உட்கார்ந்து செய், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

அப்புறம், வட்டமாகத் தேய்ப்பதை விடு. மர வேலையில் இழையின் போக்கில்தான் கை போக வேண்டும். கழுத்து என்றால் தலையிலிருந்து அடிவரை நீளவாக்கில் ஒரே இழுப்பு. பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கோடாகத் தெரியும். ஓரங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு நடுவை முடி. ஓரத்தில் பூச்சு மெல்லியதாக இருக்கும், கையும் அங்கேதான் தன்னையறியாமல் அழுத்தும். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு ஓரத்துக்கு லேசாக இரண்டு தடவை, அவ்வளவுதான்.

கண்டனூர்க்காரி:
கழுத்துக்கு என் கிட்டாரில் செய்தது இதுதான். கம்பிகளை எடுத்துவிட்டு விரல்பலகையின் இரண்டு ஓரங்களையும், தலையில் இருக்கும் பெயரையும் மாஸ்கிங் டேப்பால் மூடினேன். அந்தப் பெயர் ஒட்டுத்தாள்தான், தேய்த்தால் முதலில் அதுதான் போகும். பிறகு நான்கு ஜீரோ (0000, மிக நைஸான) ஸ்டீல் வுல், அதாவது இரும்பு நாரால் நீளவாக்கில் தேய்த்தேன். கழுத்து வளைவாக இருப்பதால் ரப்பர் கட்டை சரிப்படாது, நாரோ வுல்லோதான் வளைந்து கொடுக்கும். இப்போது வியர்வையிலும் கை வழுக்கிக்கொண்டு போகிறது.

பிக்கப்பித்தன்:
அக்கா, ஸ்டீல் வுல்லில் எனக்கு உடன்பாடில்லை. அது உதிர்க்கும் இரும்புத் தூள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். காயில் பக்கம் இறங்கிவிட்டால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். என் பெயருக்கே களங்கம்! கார் பெயிண்ட் பொருள் விற்கும் கடைகளில் சாம்பல் நிறத் தேய்ப்பு நார் கேளுங்கள். பச்சையை விட ரொம்ப நைஸ், இரும்பே கிடையாது. சிவப்பு நாரும் இருக்கும், அது கரடு, தொடாதீர்கள்.

கண்டனூர்க்காரி:
கழுத்தைத் தனியாகக் கழற்றி, பக்கத்து அறையில் வைத்துத் தேய்த்தேன் தம்பி. பிக்கப்புக்கு எப்படித் தூள் போகும்? ஸ்ட்ராட்டில் நாலு திருகுதானே. ஆனால் உடம்பைத் தேய்ப்பதென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, நார்தான்.

ஆறுகம்பி:
அக்கா சொன்னபடி கழுத்தைக் கழற்றி, சாம்பல் நாரால் செய்தேன். அருமையாக வந்துவிட்டது! ட்யூப்லைட் அடியில் சாய்த்தபோது பளபளப்பு ஒரு கோடாக நிற்காமல் மங்கலாகப் பரவுகிறது, கீச் சத்தமும் இல்லை. தேய்க்கும்போது வரும் வெள்ளைத் தூளை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்தேன், துடைத்தால்தான் எங்கே தேயவில்லை என்று தெரிகிறது. மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

இனி உடம்புதான். முன்பக்கத்து பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி, பிக்கப் எல்லாவற்றையும் அப்படியே தூக்கிவிடலாமா?

தேக்குப்பட்டறை:
தம்பி, உடம்பை விட்டுவிடேன். கறுப்பு சாட்டினானால் கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்து நிற்கும். அதுதான் பிடிக்கும் என்றால் செய், ஆனால் முன்பக்கத்தில் கை தேய்கிற இடம் சில மாதத்தில் மறுபடி மெருகேறிவிடும். அப்போது பாதி மங்கல், பாதி பளபளப்பு. பழைய மரச்சாமானில் கைப்பிடி மட்டும் மின்னுவதைப் பார்த்திருப்பாயே.

பூச்சு_படிப்பவன்:
அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு வசதி உண்டு. பாலி கெட்டியாக இருப்பதால், பூச்சைத் துளைக்காமல் நிறுத்தினால் திரும்பிப் போகலாம். 2000 வாட்டர் பேப்பர், அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் என்கிற மெருகேற்றும் பசை, மெல்லிய துணி, மறுபடி பளபளப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பூச்சு போகும், விளையாட்டாக மாற்றி மாற்றிச் செய்ய முடியாது. பிக்கார்டைத் தூக்குங்கள், நல்லதுதான். ஆனால் ஜாக்குக்குப் போகும் இரண்டு ஒயர்களும், ஸ்பிரிங் குழியில் இருக்கும் எர்த் ஒயரும் இழுபடாமல் பாருங்கள். எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

ஆறுகம்பி:
யோசித்துப் பார்த்தேன். கறுப்பு அப்படியே பளபளப்பாக இருக்கட்டும், கைரேகையைத் துடைத்துக்கொள்கிறேன். கழுத்து ஒட்டாததே போதும். மூடிக்குள் இருக்கும் அந்த ஓரத்தை மட்டும் 800, 1000, 1500 என்று ஏற்றி, காம்பவுண்ட் போட்டேன், புள்ளியும் கீறலும் போய் பழைய பளபளப்பு வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. கழுத்தைத் துடைக்க கார் பாலிஷ் போடலாமா? வீட்டில் இருக்கிறது.

கண்டனூர்க்காரி:
போடாதீர்கள். அதில் மெழுகும் நைஸ் தேய்ப்புப் பொடியும் இருக்கும், மெழுகு கீறல்களை நிரப்பி மறுபடி மினுமினுப்பு வந்துவிடும். லேசாக நனைத்துப் பிழிந்த துணி, அப்புறம் உலர்ந்த துணி. வாசித்து முடித்ததும் துடைத்தால் போதும். எண்ணெய் எதுவும் கழுத்தின் பின்புறம் வேண்டாம், ரோஸ்வுட் விரல்பலகைக்கு மட்டும் எப்போதாவது ஒரு துளி.