கதைக்குள்ளே என் கொள்கை எட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: பெரம்பூர்ப் பேனா

வணக்கம். சிறுகதை எழுதுகிறேன். அப்பா வேப்பேரி பெரியார் திடல் கூட்டங்களுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வளர்த்த பிள்ளை நான். கடவுள் மறுப்பு எனக்குப் புத்தகத்தில் படித்து வந்ததில்லை, வீட்டுச் சாப்பாட்டோடு வந்தது.

சமீபத்தில் ஒரு கதை எழுதினேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இட்லிக்கடை போடும் ஒரு அம்மா. வீட்டுக்காரர் கிட்னி பழுதாகி ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிறார். தினமும் விடியற்காலையில் தெருமுனை அம்மன் கோயிலில் ஒரு கட்டி கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். கடைசியில் புருஷன் இறந்துபோகிறான். காரியமெல்லாம் முடிந்தபின் கோயில் வாசலில் வந்து நின்று, "இத்தினி நாளு கல்லு முன்னாடி நின்னேன், இனிமே மனுஷங்க முன்னாடி நிக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அதோடு கதை முடிகிறது.

வாசகர் வட்டத்தில் வாசித்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு அக்கா மட்டும், "அந்தக் கடைசி வரியை அந்த அம்மா பேசல தம்பி, நீ பேசுற" என்றார். அது மனசைவிட்டுப் போகவே இல்லை.

நான் நம்புவதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? ஆனால் அக்கா சொன்னதையும் தள்ள முடியவில்லை. ஓவியம், நாடகம், நாட்டியம் என்று எந்தத் துறையில் இருந்தாலும் சரி, நீங்கள் நம்புவது உங்கள் வேலைக்குள் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள்.

பதில்: தூரிகைக்காரி

தம்பி, நான் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். இப்போது திருவான்மியூரில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித் தருகிறேன். கொள்கை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். உங்கள் கதையில் வசனம் வழியாக வந்திருக்கிறது. இருப்பதிலேயே குறுகலான வாசல் அது.

எங்கள் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்த வேலைக்குப் போய், வரைவதையே விட்டுவிடுவது அவருக்குப் பெரிய கவலை. சோற்றுக்காக ஓவியத்தை வளைக்கக் கூடாது என்று நம்பினார். அந்த நம்பிக்கையைப் பேச்சோடு நிறுத்தவில்லை. ஓவியர்கள் சேர்ந்து பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசைப் போட்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலில் இடம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வந்தது அப்படித்தான். கைத்தொழில் சோறு போட்டால் கேன்வாஸ் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது கணக்கு.

இப்போது அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஏதாவது ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். 1963 வாக்கில் தொடங்கிய வரிசை அது. ஜாதகம் மாதிரிக் கட்டங்கள், கணக்கு நோட்டில் இருப்பது மாதிரிக் குறிகள், வரி வரியாக மலையாளம் மாதிரி எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மும்முரமாக எதையோ எழுதிவைத்த மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் படிக்கப் பார்த்தால் பிடி கொடுக்காது. மலையாளம் தெரிந்தவர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். கையெழுத்தின் ஓட்டம் இருக்கும், அர்த்தம் நழுவிக்கொண்டே போகும். மேற்கத்திய முறையில் பழகிய ஒரு கை, தன் ஊர் ஓலையிலும் ஜாதகத்திலும் ஓடுகிற கோட்டைத் தேடிப் போயிருக்கிறது. 'நான் இந்த மண்ணின் ஓவியன்' என்று அவர் படத்தில் எங்கும் எழுதிவைக்கவில்லை. கோடே அப்படி ஆகிவிட்டது.

மெரினா உழைப்பாளர் சிலையும் அப்படித்தான். பணிக்கருக்கு முன்னால் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். நாலு பேர், ஒரு பாறை. கொடி கிடையாது, முழக்கம் கிடையாது. பஸ்ஸில் போகும்போது பார்த்தால்கூட நம் முதுகு வலிக்கும்.

கதைக்கு வருகிறேன். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிப் போனவன் சிதைத்துவிடுகிறான். அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். மனிதர்களைப் பற்றி ஜெயகாந்தன் நம்பியது முழுக்க அந்தத் தண்ணீரில் இருக்கிறது. வாசகர்கள் கொதித்தார்கள். அவர் கட்டுரை எழுதி வாதாடியதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊர் கேட்க அழுதிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு நாவல் எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதுதான், 1972க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பெண் கங்கா படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பெரிய பதவியில் இருக்கிறாள், அந்த ஒரு ராத்திரியின் பழி மட்டும் கூடவே வருகிறது. துரத்திவிட்ட அண்ணன் பேசுகிறான். சாஸ்திரம் பேசும் வெங்கு மாமா பேசுகிறார். தன் கருணைக்கு எதிரான அத்தனை பேரையும் அவரே வாய்விட்டுப் பேச விட்டிருக்கிறார். எனக்கு அந்த நாவல் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

உங்கள் கதையில் அந்த அம்மனுக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை தம்பி. கற்பூரம் ஏற்றும் அந்த இரண்டு நிமிஷம் அவளுக்கு என்ன தருகிறது? அன்றைக்கு மாவு ஊற்றாமல், சட்னிக்கு அரைக்காமல், கடன்காரனுக்குப் பதில் சொல்லாமல் அவள் சும்மா நிற்கிற நேரம் அது ஒன்றுதானோ என்னவோ. நீங்கள் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டதாகத் தெரிகிறது. முழுசாக எழுதுங்கள். அவளுக்கு அது எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரிந்தால்தான், அவள் அதை விடும்போது எனக்கும் ஏதாவது ஆகும்.

பதில்: மயிலாப்பூர் ரசிகை

நாட்டியத்தில் இது இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி, எல்லா மதங்களின் சாரமும் ஒன்று என்னும் தியசாபி இயக்கத்தில் ஊறியவர். 1935இல் அடையாறில் மேடையேறி, அடுத்த வருஷமே கலாக்ஷேத்திரா கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவருக்கு இந்தக் கலை ஆன்மிகம். சிருங்காரம், அதாவது காதல் சுவை, தூக்கலாக இருந்த சில பதங்களை (அபிநயத்துக்கான பாட்டுகளை) ஒதுக்கினார். வீணை தனம்மாள் பேத்தி, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கோ சிருங்காரம்தான் உச்சம், அதில் அழுக்கு என்று எதுவும் கிடையாது. 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோது நாட்டியக் கச்சேரியில் ஒவ்வொரு உருப்படியாக ஆடும் வரிசையைக் கோயிலுக்குள் போவதாகச் சொன்னார். முதலில் ஆடும் அலாரிப்பு கோபுரம். பதம் வரும்போது கர்ப்பகிருகத்தின் குளிர்ச்சியும் அமைதியும். கடைசியில் வரும் தில்லானா கற்பூரம் காட்டும் நேரம். பிறகு பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருந்த நாட்டியக் கலைஞர் சந்திரலேகா வருகிறார். 1985இல் 'அங்கிகா'வில் கடவுளையும் காத்திருக்கும் நாயகியையும் எடுத்துவிட்டு, களரிச் சண்டைக்கலையும் யோகமும் சேர்த்து உடம்பையே பேசவைத்தார்.

மூவருக்கும் முழங்காலை மடக்கி நிற்கும் அந்த அரைமண்டி ஒன்றுதான். எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதில் அவரவர் நம்பிக்கை தெரிகிறது. என் மனசு பாலசரஸ்வதி பக்கம். உங்கள் கதை அம்மாவின் கற்பூரத்தைப் படித்தபோதும் எனக்கு அந்தத் தில்லானாதான் ஞாபகம் வந்தது.

பதில்: வீதி நாடகக்காரன்

கொஞ்சம் மாறுபடுகிறேன் தோழர். நேரடியாகச் சொல்வதும் கலைதான். பறை அடித்துக் கூட்டம் சேர்த்து, முச்சந்தியில் நின்று நாங்கள் உரக்கத்தான் சொல்கிறோம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா எழுந்து, "இன்னாப்பா பேசுற நீ, மாரியாத்தா இல்லன்னா என் புள்ள பொழச்சிருக்குமா?" என்று கேட்க முடியும். கேட்டும் இருக்கிறார்கள். நாடகத்தை நிறுத்திப் பதில் சொல்லியாக வேண்டும். கதை படிப்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், அவரால் உங்களைக் குறுக்கே கேட்க முடியாது. அதனால் அந்தப் பெரியம்மாவையும் நீங்களே கதைக்குள் கூட்டிவர வேண்டியிருக்கிறது. கடைசி வரியை எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதில்: பெரம்பூர்ப் பேனா

எல்லாருக்கும் நன்றி. என் நம்பிக்கையில் மாற்றமில்லை, அதை மறைத்து எழுதவும் போவதில்லை. ஆனால் கற்பூரம் ஏற்றும் இடத்தை மறுபடி எழுதினேன், கையெழுத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போய்விட்டது. கடைசி வரியை அம்மாவிடமிருந்து எடுத்து மகனிடம் கொடுத்திருக்கிறேன். பாலிடெக்னிக் படிக்கிற பையன். கோயில் வாசலில் அம்மாவைப் பார்த்து, "இன்னும் எத்தினி நாளைக்குமா கல்லு முன்னாடி நிப்ப?" என்கிறான். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே பிடிபடாமல் கதை நிற்கிறது.

பதில்: தூரிகைக்காரி

அவசரப்பட்டு முடிக்காதீர்கள் தம்பி. ஒன்று மட்டும் பாருங்கள். அந்தப் பையனை உங்களை மாதிரியே பேசவைத்தால் மறுபடியும் நீங்களே ஜெயித்துவிடுவீர்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த நாளில் ஆஸ்பத்திரி வாசலில் யார் உட்கார்ந்திருந்தது? இவனா, அவளா? "நீ எங்கடா இருந்த?" என்று அவள் திருப்பிக் கேட்டால் அவனிடம் பதில் இருக்கிறதா? அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வீதி நாடகத் தோழர் சொன்ன பெரியம்மாவும் அந்தக் கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டு இருக்கலாம். திருத்தியதை இங்கேயே போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.