மகனுக்கு ஆட்டிசம்: பெற்றோர் பயிற்சி எடுத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. மூன்று வாரம் முன்பு ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். கையில் ஒரு அறிக்கை, 'தெரபி தொடங்குங்கள்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

தேடியபோது, உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு பயிற்சி வைத்திருப்பது தெரிந்தது. 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. விளையாட்டு, குளியல், சாப்பாடு என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே பேச்சை வளர்ப்பதாம். இணையத்திலும் இருக்கிறது. யாராவது முடித்திருக்கிறீர்களா? தனியாகப் படித்தால் போதுமா, குழுவோடு சேர வேண்டுமா?

இன்னொன்று. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குழாயிடம் இழுத்துப் போகிறான். உடனே கொடுக்காமல், அவன் முகம் பார்க்கிறானா, ஒரு சத்தமாவது எழுப்புகிறானா என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். எத்தனை நொடி காத்திருப்பீர்கள்? இங்கே அழுகை ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் நானும் அழுகிறேன்.

கணவர் இன்னும் "பையன் லேட்டாப் பேசுவான்" என்றே சொல்கிறார். அவரை எப்படிப் பயிற்சிக்குள் இழுப்பது? 'ஆறே மாதத்தில் குணம்' விளம்பரங்களை மட்டும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.