பழைய 12 எச்பி டில்லர், வித்த கடையே இல்ல, பார்ட்ஸ் எங்க புடிக்கறது?

மஞ்சக்காடு:
வணக்கமுங்க. எங்களுக்கு கோபி பக்கம் ரெண்டேகால் ஏக்கரா, கொஞ்சம் மஞ்சள் கொஞ்சம் வாழை, வரப்போரம் தென்னை. அப்பா 2009ல ஒரு 12 எச்பி டீசல் பவர் டில்லர், பின்னாடி நடந்துக்கிட்டே உழுவற மிஷின், வாங்குனாருங்க, சைனால இருந்து இறக்கி இங்க ஒரு பேரு போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வித்த வண்டி. ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு, வித்த கடையும் இழுத்து மூடி ஏழெட்டு வருசம் ஆச்சு. அப்பா இருந்த வரைக்கும் எப்படியோ ஓட்டிட்டாரு, இப்ப எங்கையில வந்ததும் ஒவ்வொண்ணா மூஞ்சி காட்டுது.

பிரச்சனை என்னன்னா, மண்ணக் கிளர்ற பிளேடு சுத்தற ரோட்டரி பக்கம் ஆயில் ஒழுகுது, ஒரு நாள் ஓட்டுனா மறுநாள் ஊத்தணும். பெல்ட்டு மூணுல ஒண்ணு நூல் நூலா போயிருச்சு. காலைல ஹேண்டில் போட்டு சுத்துனா பத்து பதினஞ்சு தடவை சுத்துனாத்தான் புடிக்குது, கையி கழண்டுரும் போல. ஆயில் வெளிய வராம தடுக்கற ரோட்டரி சீல் கேட்டு ஈரோட்டுல நாலு கடை ஏறி இறங்குனேன், எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி "என்ன கம்பெனி?" கம்பெனி பேரு சொன்னா "அது இப்ப வர்றதில்லீங்களே"ன்னு அடுத்த ஆளப் பாக்கப் போயிர்றாங்க. ஊரு மெக்கானிக்கு எடைக்குப் போட்டுருங்கறாரு. அப்பா ஓட்டுன வண்டி, போடவும் மனசு வரல, வச்சுக்கிட்டு அல்லாடவும் முடியல. இந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்க பார்ட்ஸ் எங்க வாங்கறீங்க?

நாலுகால்:
ப்ரோ நேரா சொல்றேன், வித்துட்டு களை எடுக்கற 7 எச்பி பெட்ரோல் வீடர் ஒண்ணு வாங்கிக்கோங்க. வேளாண் பொறியியல் துறைல மானியமும் இருக்கு, சிறு குறு விவசாயின்னா பாதி வரைக்கும் கெடைக்கும். பழச கட்டிக்கிட்டு அழுவானேன்.

லேத்பட்டறை:
அட இருங்கப்பா, அதுக்குள்ள எடைக்கா. நான் கோயம்புத்தூர்ல பட்டறை வச்சிருக்கேன், மாசத்துக்கு ரெண்டு மூணு டில்லர் இந்த மாதிரிதான் வரும், பேரே இல்லாத அனாதை வண்டிங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, அந்த ஸ்டிக்கர் பேரு எதுக்கும் ஆகாது. அப்ப இறக்குமதி ஆன 12 எச்பி வண்டில பெரும்பாலானது உள்ள ஒரே குடும்பம்தான், டாங்ஃபெங் மாடல்னு சொல்லுவாங்க. பெயின்ட்டு வேற, பேரு வேற, எலும்பு ஒண்ணு. அதனால கடைல போய் கம்பெனி பேரே சொல்லாதீங்க. இஞ்சின் பாடில ஒரு தகடு இருக்கும், இல்லன்னா வார்ப்புலயே எழுத்து இருக்கும், பெயின்ட்ட சுரண்டிட்டுப் பாருங்க. எஸ்195னு இருந்தா உங்க பாதிப் பிரச்சனை முடிஞ்சது. அந்த 95ங்கறது பிஸ்டனோட விட்டம், மில்லிமீட்டர் கணக்கு. பிஸ்டன் மேல கீழ போற தூரம், அதான் ஸ்ட்ரோக், 115, மொத்தம் 815 சிசி. ஆர்180னு இருந்தா 80 மில்லி பிஸ்டன், அது 8 எச்பி கிட்ட. 186எஃப்னு இருந்தா 86 மில்லி, காத்துலயே ஆறுற ரகம், அது வீடர்ல வர்றது. எஸ்195ன்னு கேட்டா லைனர் (பிஸ்டன் ஓடற குழாய்), பிஸ்டன், ரிங்கு செட்டாவே குடுப்பான், இந்த இஞ்சின் பம்புசெட்டுலயும் ஓடுது, ஜெனரேட்டர்லயும் ஓடுது, டில்லர் கடைக்குத்தான் போகணும்னே இல்ல.

ரெண்டாவது, சீல். கழட்டுன சீல தூக்கி எறிஞ்சுராதீங்க, அது மேலயே சைஸ் இருக்கும், 35-62-10 இந்த மாதிரி மூணு நம்பர். முதல் நம்பர் ஷாஃப்ட் சைஸ், ரெண்டாவது வெளி விட்டம், மூணாவது தடிமன். எழுத்து தேஞ்சிருந்தா வெர்னியர் வச்சு ஷாஃப்ட்டையும் உக்கார்ற குழியையும் அளந்துக்கோங்க. பேரிங் கடைல அந்த நம்பர சொன்னா எந்தக் கம்பெனின்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். டில்லருக்கு ரெண்டு உதடு வச்ச TC டைப் கேளுங்க, வெளி உதடு மண்ணத் தடுக்கும். பேரிங்கும் இதே கதைதான். 6206ன்னு போட்டிருந்தா கடைசி ரெண்டு நம்பர அஞ்சால பெருக்குங்க, 30 மில்லி ஷாஃப்ட்டு. 6208ன்னா 40. உலகம் பூரா இதே நம்பர்தான். பெல்ட்டு மேல பி-ன்னு போட்டு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அது இன்ச்சுல நீளம். ஒண்ணு போனாலும் மூணையும் ஒரே கம்பெனில ஒரே நாள்ல வாங்கி மாத்துங்க, ஒண்ணு மட்டும் புதுசு போட்டா லோடு பூரா அதுமேல ஏறி ஒரு சீசன்ல அதுவும் போகும். செயின் வண்டியா இருந்தா பிட்ச், அதான் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், அளந்துக்கோங்க, 19.05 மில்லி வந்தா முக்கால் இன்ச்.

ஆனா சீல் போடறதுக்கு முன்னால அது ஏன் போச்சுன்னு பாருங்க, இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பிளேடு ஷாஃப்ட்டு ஓரத்துல சாக்குக் கயிறு, புல்லு, முக்கியமா சொட்டுநீர் டியூப்பு, இதெல்லாம் சுத்திக்கிட்டு உள்ள உள்ள போய் சீலோட உதட்ட அறுத்துரும். அத எடுக்காம புது சீல் போட்டா பத்து நாள் தாங்காது. இன்னொண்ணு, பழைய சீல் ஓடி ஓடி ஷாஃப்ட்டுல ஒரு வரி விழுந்திருக்கும், நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா எந்த சீலும் நிக்காது. புது சீல ஒரு ரெண்டு மில்லி தள்ளி உக்கார வைங்க, இடம் இல்லன்னா லேத்துல குடுத்து மெல்லிசா ஸ்லீவ், அதான் ஒரு உறை, ஏத்திக்கலாம், ரெண்டு மணி நேர வேலை.

ஸ்டார்ட்டிங் மேட்டர் நேர்ல பாக்காம சொல்றது கஷ்டம். ஸ்டார்ட் பண்றப்ப லேசா சுத்த புடிக்கற டீகம்ப்ரஷன் லிவர விட்டுட்டு கையால மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல பலமா எதுத்து நிக்கணும். நிக்காம புஸ்ஸுன்னு போனா ரிங்கோ வால்வோ. நல்லா எதுத்து நின்னு, அப்பவும் புடிக்கலன்னா டீசல பீச்சற நாசில கழட்டி டீசல் பம்ப் கடைல டெஸ்ட் போட்டுப் பாருங்க. ஏர் கிளீனர் அடிக் கிண்ணத்துல ஆயில் இருக்கான்னு பாத்து எத்தன வருசம் ஆச்சு?

சேத்துவயல்:
லேத் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு, ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன், கம்பெனி பேரு எதுக்கும் ஆகாதுங்கறது. நாங்க கும்பகோணம் பக்கம், எங்க வீட்டுல விஎஸ்டி சக்தி 130 டிஐ ஒண்ணு இருக்கு, இன்னும் சேத்து உழவுக்கு அதுதான் எறங்குது. அது பெங்களூர்ல 1967ல மிட்சுபிஷி கூட சேந்து ஆரம்பிச்ச கம்பெனி, இன்னிக்கும் அதே மாடல் தயாரிக்கிறாங்க, அதனால பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் பாதிக்கு மேல ஒரே சாமான். கேரளா பக்கம் போனீங்கன்னா காம்கோ, அது அவங்க கவர்மென்ட் கம்பெனி, அத்தாணில 1973ல இருந்து, குபோட்டா டிசைன். பாலக்காட்டு ஆளுங்க பழைய காம்கோவ கோயில் யானை மாதிரி வச்சிருப்பாங்க. நான் சொல்ல வர்றது, பழசு வாங்கறவங்க தயவுசெஞ்சு இன்னும் தயாரிப்புல இருக்கற வண்டியா பாத்து வாங்குங்க. சைனா வண்டி அஞ்சு பத்து கம்மியா வருதேன்னு வாங்கிட்டு அப்பறம் இப்படி ஈரோட்டுல நாலு கடை ஏறி எறங்கணும். 2020 ஜூலைல டில்லர், அதோட இஞ்சின், கியர்பாக்ஸ், ரோட்டரி எல்லாத்துக்கும் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு மத்திய அரசு கொண்டு வந்துருச்சு. அதுக்கப்பறம் சைனா வண்டிக்கு முழு கியர்பாக்ஸ் வேணும்னா இன்னொரு செத்த வண்டியத் தேடித்தான் போகணும்.

அப்பறம் நாலுகால் தம்பி, வீடரும் டில்லரும் ஒண்ணு கெடயாது. வீடர் நூறு கிலோ சொச்சம், காஞ்ச மண்ணுல துள்ளும், ஓட்டறவன் தோள்பட்டை போயிரும். டில்லர் நானூறு கிலோ, அந்த எடைதான் பிளேட மண்ணுக்குள்ள அழுத்துது.

நாலுகால்:
அண்ணே ஒத்துக்கறேன், ஆனா அந்த நானூறு கிலோவுக்குப் பின்னாடி நடக்கறது யாரு? ரெண்டடி அகலத்துல ஓட்டுனா ஒரு ஏக்கருக்கு கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் நடக்கணும், கணக்குப் போட்டுப் பாருங்க. எங்கப்பா முட்டி போனதே அதுலதான். வாழைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல களை எடுக்க வீடர் போதும். பார்ட்ஸும் ஈஸி, 168எஃப், 170எஃப் எல்லாம் ஹோண்டா ஜிஎக்ஸ் மாடலப் பாத்து செஞ்சது, கார்புரேட்டர், கயிறு ஸ்டார்ட்டர், பிளக்கு எல்லாம் எந்த மூலைலயும் கெடைக்கும்.

வன்னிப்பக்கம்:
நான் கிளிநொச்சிப் பக்கம். எங்கட இடத்தில பவர் டில்லர் எண்டு கேட்டா ஆக்கள் முழிப்பினம், எந்தக் கொம்பனியா இருந்தாலும் லாண்ட்மாஸ்டர்தான். அது பழைய இங்கிலாந்து மெசின் ஒண்டின்ர பேர், மெசின் போயிட்டுது, பேர் நிண்டிட்டுது.

சாமான் இல்லாத காலம் எண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியும். யுத்த நேரம் வன்னிக்குள்ள ஒண்டும் வராது, மண்ணெண்ணெயிலயும் ஓடினது. அப்ப நாங்கள் செய்தது, நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஓடாத மெசின் ஒண்டை வாங்கி மரத்துக்குக் கீழ போட்டு வைக்கிறது, தேவைக்குத் தேவை அதில கழட்டுறது. இப்பவும் நான் அப்பிடித்தான். உங்கட ஊரில அதே மாதிரி மெசின் ஆராவது எடைக்குப் போடப் போறாங்கள் எண்டா முதல்ல நீங்கள் போய் வாங்குங்கோ. கியர்பெட்டி ஒண்டுக்கே அந்தக் காசு சரி.

தண்ணித் தொட்டியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எஸ்195 தண்ணி கொதிச்சுக் குளிருற மெசின், கிணத்துத் தண்ணி உப்பெண்டா உள்ளுக்குள்ள சுண்ணாம்பு பிடிச்சு லைனர் சூடேறும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சு விடுங்கோ. ஓயில் பால் மாதிரி வெள்ளையா வந்தால் லைனருக்குக் கீழ இருக்கிற ரப்பர் வளையம் போயிட்டுது எண்டு அர்த்தம், அதோட ஓட்டக்கூடாது.

மஞ்சக்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. போன ஞாயித்துக்கெழம உக்காந்து பெயின்ட்ட சுரண்டிப் பாத்தேன், எஸ்195தானுங்க! பதினஞ்சு வருசமா கண்ணு முன்னாடி இருந்திருக்கு, மேல மூணு கோட்டிங் பெயின்ட்டு. லேத் அண்ணன் சொன்ன மாதிரி பிளேடு ஷாஃப்ட்டு ஓரத்துல இருந்து ஒண்ணரை அடிக்கு சொட்டுநீர் டியூப்பும் ஒரு வெள்ளி அரைஞாண் கயித்துத் துண்டும் வந்துச்சு, யாருதுன்னு வீட்டுல இன்னும் விசாரணை நடக்குது.

சீல் நம்பர் படிக்க முடியல, அளந்துக்கிட்டுப் போய் பேரிங் கடைல கேட்டேன், கடைக்காரரு என்ன வண்டின்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க, ரெண்டு சீலும் இருநூறு ரூபாய்க்குள்ள எடுத்து மேசைல வச்சுட்டாரு. நாலு கடை ஏறுனது இதுக்குத்தானான்னு ஆயிருச்சு. ஷாஃப்ட்டுல வரி இருக்கு, நகம் லேசா மாட்டுது, சீல தள்ளி உக்கார வச்சிருக்கறேன், நேத்து அரை நாள் ஓட்டுனேன், இதுவரைக்கும் காஞ்சு கெடக்குது. பெல்ட்டு மூணும் மாத்தியாச்சு. கம்ப்ரஷன் நல்லாத்தான் நிக்குது, நாசில டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கறேன். ஏர் கிளீனர் கிண்ணத்தப் பத்திக் கேட்டீங்களே அண்ணா, அதுல ஆயில் இல்ல, குளவிக் கூடு இருந்துச்சு.

இன்னொண்ணு கேட்டுக்கறேன். வண்டியத் திருப்பறதுக்கு ஹேண்டில்ல இருக்கற எடது பக்க ஸ்டீயரிங் கிளட்ச்சு புடிச்சா திரும்ப மாட்டேங்குது, நேராவே போகுது. வலது நல்லா இருக்குது. உள்ள பிரிக்கணுமா?

லேத்பட்டறை:
பிரிக்காதீங்க, அவசரப்படாதீங்க. முதல்ல லிவர்ல இருந்து கீழ போற ராடு இல்ல கேபிள் நீளத்த வலது பக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, தொங்கிப் போயிருக்கும், நட்டத் திருகி டைட் பண்ணுனா பத்துக்கு ஏழு வண்டி அதுலயே சரியாயிரும். ஆனா கொஞ்சம் ஆட்டம் விட்டுத்தான் வைக்கணும், ஒரேயடியா இழுத்து வச்சா கிளட்ச்சு பாதி கழண்டே ஓடி பல்லு மழுங்கிரும். அப்பவும் வரலன்னா கொண்டு வாங்க பாக்கலாம்.

அது சரியாகற வரைக்கும் ட்ரெய்லர் மாட்டாதீங்க.

வன்னிப்பக்கம்:
ஓம், அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். பெட்டி கொழுவி பள்ளத்தில இறங்கேக்க இடது கிளட்ச்சைப் பிடிச்சா மெசின் வலது பக்கம் இழுக்கும், பாரம் பின்னால தள்ளுறதால எல்லாம் மாறித்தான் வேலை செய்யும். பழகின ஆக்களே விழுந்திருக்கினம். பள்ளத்தில கிளட்ச்சைத் தொடாமல் ஹேண்டிலை உடம்பால தள்ளித் திருப்புங்கோ.

மஞ்சக்காடு:
அப்பா வாய்க்கா மேட்டுல எறங்கறப்ப ஏன் எப்பவும் கிளட்ச்ச உட்டுட்டு இடுப்பால தள்ளுவாருன்னு இப்பத்தான் தெரியுதுங்க. ராடு பாத்துட்டேன், எடது பக்கம் ரெண்டு விரக்கடை தொங்குது. நாளைக்கு நாசில் வந்துரும், போட்டுட்டு எத்தன சுத்துக்குப் புடிக்குதுன்னு சொல்றேன்.